6, 7, 8ஆம் வகுப்பு ஆங்கிலம்: ஆண்டுத் திட்டத்துக்கு நான்கு வழிகள், எது யாருக்கு?

கோடை விடுமுறை பாதி கடந்ததும் ஒரே மாதிரியான கேள்வி வரத் தொடங்கும். கேட்பவர்கள் அமெரிக்க நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கப்போகிறவர்கள். அவர்களில் முதல் ஆண்டு ஆசிரியர்கள் உண்டு, வேறு வகுப்பிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் உண்டு, வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் நடத்தும் பெற்றோரும் உண்டு. கையில் மாநிலத்தின் தரநிலைப் பட்டியல் (எந்த வகுப்பில் என்ன கற்றிருக்க வேண்டும் என்ற பட்டியல்) இருக்கிறது, அலமாரியில் சில நாவல்கள் இருக்கின்றன, முன்னால் ஒரு முழு ஆண்டு கிடக்கிறது. கதை, கவிதை, கட்டுரை என்று வகை பிரித்து நடத்துவதா? திறன் திறனாக நடத்துவதா? ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி நடத்துவதா? பிள்ளைகளே புத்தகம் தேர்ந்து படிக்கும் பட்டறையாக்கிவிடுவதா?

நான்கு வழியிலும் நல்ல வகுப்புகள் நடக்கின்றன. அதற்காக நான்கும் சமம் என்று சொல்லி ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது வழிதான் பொருந்தும் என்பது என் முடிவு. அது யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

## முதலில் நேரக் கணக்கு

பல மாநிலங்களில் பள்ளியாண்டு 180 நாள். பீரியட் 50 நிமிடம் என்றால் மொத்தம் 9,000 நிமிடம், அதாவது 150 மணி நேரம். காகிதத்தில் 36 வாரம். அதில் பள்ளி திறந்த முதல் வாரம் பெயர், விதிமுறை, லேப்டாப் வழங்குவது என்று கழியும். நடுவில் வரும் அளவீட்டுத் தேர்வுகள், வசந்த காலத்து மாநிலத் தேர்வு, பனி விடுமுறை, விடுமுறைக்கு முந்தைய அரைநாள்கள் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். 36 வாரத்துக்கும் பாடம் எழுதி வைத்தால் பிப்ரவரியிலேயே துரத்தல் தொடங்கிவிடும். 30 வாரத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள்.

இன்னும் இரண்டு கணக்கு. தினமும் 10 நிமிடம் சொந்த வாசிப்புக்கு ஒதுக்கினால் ஆண்டுக்கு 30 மணி நேரம்; அதாவது மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அது வேண்டும் என்பதே என் கருத்து, ஆனால் அதன் விலை தெரிந்து ஒதுக்க வேண்டும். 50,000 சொல் கொண்ட ஒரு நாவலை நிமிடத்துக்கு 150 சொல் வேகத்தில் வகுப்பில் வாய்விட்டு வாசித்தால் 333 நிமிடம் ஆகும். கிட்டத்தட்ட 7 பீரியட், ஒரு கேள்விகூடக் கேட்காமல். ஆண்டுக்கு ஐந்து நாவல் என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கும்.

## எதை வைத்து அளப்பது

திரும்ப வருகிறதா? இதுதான் எனக்கு முதல் அளவுகோல். பல அமெரிக்க மாநிலங்கள் பொதுவாக ஏற்ற, 2010இல் வெளியான காமன் கோர் தரநிலைகளில் வாசிப்புக்கான முதல் தரநிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 6ஆம் வகுப்பில் பிள்ளை தன் கருத்துக்குப் பாடத்திலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். 7இல் பல ஆதாரங்கள் காட்ட வேண்டும். 8இல் இருப்பவற்றில் வலுவான ஆதாரம் எது என்று தேர்ந்து காட்ட வேண்டும். வாதக் கட்டுரையும் அப்படித்தான்: 6இல் கருத்தும் காரணமும், 7இல் எதிர்க்கருத்து ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்வது, 8இல் தன் கருத்து அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று பிரித்துக் காட்டுவது. அதே திறன் மூன்று ஆண்டுகளாக ஆழமாகிக்கொண்டே போகிறது. டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் காமன் கோரை ஏற்காமல் சொந்தத் தரநிலை வைத்திருக்கின்றன; அங்கும் ஒரு திறனை அக்டோபரில் இரண்டு வாரம் நடத்திவிட்டு மூட்டை கட்ட முடியாது. எனவே ஒரு திட்டத்தில் ஒவ்வொரு முக்கியத் திறனும் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எழுத்துக்கு இடம் இருக்கிறதா? வாதம், விளக்கம், கதையாடல் என்று மூன்று வகை எழுத்தையும் ஆண்டுக்குள் தொட வேண்டும். இங்கேதான் மறைமுகச் செலவு அதிகம். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 25 பேர் என்றால் 125 கட்டுரை. ஒன்றுக்கு 8 நிமிடம் செலவிட்டாலும் 1,000 நிமிடம். பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். ஒரு கட்டுரை திருத்துவதற்கு இரண்டு வார இறுதிகள் போய்விடும்.

வகுப்பின் அகலத்தைத் தாங்குமா? ஒரே 7ஆம் வகுப்பில் 4ஆம் வகுப்பு நிலையில் வாசிக்கும் பிள்ளையும், உயர்நிலைப் பள்ளிப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடிக்கும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். நாட்டுக்கே புதிதாக வந்து, ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளையும் இருக்கலாம்.

ஆசிரியரின் தயாரிப்பு நேரம், ஒரு வாரம் தொலைந்தால் திட்டம் உடைகிறதா தாங்குகிறதா என்பது ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொண்டால் அளவுகோல் போதும்.

## வழி 1: வகைவாரித் திட்டம்

செப்டம்பரில் சிறுகதை, பிறகு நாவல், கட்டுரை, நாடகம், ஏப்ரலில் கவிதை. அச்சிட்ட பாடநூல்கள் பலவும் காலம் காலமாக இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. தயாரிப்பு எளிது, பெற்றோருக்கு விளக்குவதும் எளிது. ஒரு வாரம் போனால் ஒரு கதையை நீக்கினால் போதும்.

குறை என்னவென்றால், கவிதையில் உருவகம் கற்ற பிள்ளை அடுத்த ஆண்டுவரை கவிதையைப் பார்க்காமலே இருக்கக்கூடும். கட்டுரை வாசிப்பு ஒரே அலகுக்குள் அடைபட்டுவிடும். இதைச் சரிசெய்யப் போகிறவர்கள் வேறொரு பக்கம் சாய்வதையும் பார்க்கிறேன். 8ஆம் வகுப்பில் வாசிப்பு 55 சதவீதம் தகவல் சார்ந்ததாக, 45 சதவீதம் இலக்கியமாக இருக்க வேண்டும் என்ற விகிதம் காமன் கோரில் உண்டு. அது அறிவியல், வரலாறு உட்பட ஒரு மாணவர் பள்ளி நாள் முழுக்க வாசிக்கும் எல்லாவற்றுக்குமான விகிதம். ஆங்கில வகுப்புக்கு மட்டுமானது என்று எண்ணிக்கொண்டு கதைகளையும் கவிதைகளையும் வெட்டிவிட்ட பள்ளிகள் பிள்ளைகளுக்குப் பெரிய அநியாயம் செய்தன.

பாடநூல் ஒன்றே கையில் இருக்கிறது, கூடுதல் புத்தகம் வாங்கப் பணம் இல்லை, ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புக்கும் தயாரிக்க வேண்டும் என்ற நிலையில் இந்த வழி நல்லது. ஒவ்வொரு அலகிலும் ஒரு கவிதை, ஒரு கட்டுரை என்று கலந்துவிட்டால் குறை பாதி தீரும்.

## வழி 2: திறன்வாரித் திட்டம்

இந்த வாரம் மையக் கருத்து, அடுத்த வாரம் உய்த்துணர்தல், அதற்கடுத்து ஆசிரியரின் நோக்கம். தரநிலைப் பட்டியலை அப்படியே நாள்காட்டியில் ஒட்டுவது. நிர்வாகம் விரும்பும் வழி இது, ஏனென்றால் எந்த நாளில் எந்தத் தரநிலை என்று கேட்டவுடன் காட்டலாம். தேர்வு மதிப்பெண் குறைந்த பள்ளிகள் உடனே இந்தப் பக்கம்தான் திரும்புகின்றன.

நான்கில் எனக்கு நம்பிக்கை குறைவான வழி இதுதான். உய்த்துணர்தல் என்பது எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யும் தனித் திறன் என்ற எண்ணத்தின் மேல் இது நிற்கிறது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் பகுதியை விவரிக்கும் பத்தியைக் கொடுத்தார்கள். மாணவர்களில் நன்றாக வாசிப்பவர்களும் இருந்தார்கள், வாசிப்பில் பின்தங்கியவர்களும் இருந்தார்கள். இரு பக்கத்திலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் இருந்தார்கள். பின்தங்கிய வாசகர்களாக இருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நல்ல வாசகர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வாரத்துக்கு வாரம் தொடர்பில்லாத பத்திகளைக் கொடுத்து மையக் கருத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும்போது, பிள்ளையிடம் இல்லாதது அந்தத் திறனா அந்தப் பொருள் பற்றிய அறிவா என்றே நமக்குத் தெரியாது.

மறைமுகச் செலவு இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கப் பத்திகளையே ஆண்டு முழுக்க வாசிக்கும் பிள்ளைக்கு முழுப் புத்தகம் ஒன்றைத் தாங்கிப் படிக்கும் பொறுமை வளராது. 12 வயதில் அது வளராவிட்டால் பிறகு வளர்ப்பது கடினம்.

ஆனாலும் இதற்கு இடம் இருக்கிறது. அளவீட்டில் ஒரு குறிப்பிட்ட ஓட்டை தெரிந்த நாலைந்து பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து மூன்று வாரம் நடத்துவதற்கு இது மிகச் சரியான வழி. கோடைகால வகுப்புக்கும் பொருந்தும். ஆண்டுத் திட்டமாக வேண்டாம்.

## வழி 3: கருப்பொருள்வாரித் திட்டம்

ஒரு பொருளை ஐந்து, ஆறு வாரம் பிடித்துக்கொள்வது. அதைச் சுற்றி நாவல், கவிதை, கட்டுரை, படம், புள்ளிவிவரம் எல்லாம் வாசிப்பது. கடைசியில் அதைப் பற்றியே எழுதுவது. பேஸ்பால் ஆய்வு சொன்னதை நேரடியாகப் பயன்படுத்தும் வழி இது. முதல் வாரத்தில் தடுமாறும் பிள்ளை நான்காம் வாரத்தில் அதே பொருள் பற்றிய கடினமான கட்டுரையை வாசித்துவிடும். சொற்கள் பழகிவிட்டன, பின்னணி தெரியும். புதிதாக ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

குடிபெயர்வு என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் துறைமுகத்தில் 1892 முதல் 1954 வரை இயங்கிய எல்லிஸ் தீவு குடியேற்றச் சோதனை நிலையம் பற்றிய ஒரு சிறு கட்டுரையில் தொடங்கலாம். அடுத்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1910 முதல் 1940 வரை இயங்கிய ஏஞ்சல் தீவு குடியேற்ற நிலையம். அங்கே வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், அடைத்து வைக்கப்பட்ட சீனர்கள் மரச் சுவர்களில் கவிதைகளைச் செதுக்கினார்கள். இடிக்கப்படவிருந்த கட்டடத்தில் 1970இல் ஒரு பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்ததால்தான் அவை இன்று இருக்கின்றன. அந்தக் கவிதைகளின் ஆங்கில வடிவத்தை வாசிக்கும் பிள்ளைக்கு 1882இன் சீனர் விலக்குச் சட்டத்தைப் பற்றிய தகவல் கட்டுரை ஏன் தேவை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, பிள்ளையே கேட்கும். பிறகு நாவல். எல்லிஸ் தீவில் பெரும்பாலானோர் சில மணி நேரத்தில் வெளியே வந்ததற்கும் ஏஞ்சல் தீவில் அப்படி நடக்காததற்கும் உள்ள வேறுபாட்டை ஆதாரத்தோடு விளக்கும் கட்டுரை, அலகின் முடிவில். கவிதை, கட்டுரை, புனைகதை மூன்றும் வந்துவிட்டன. ஆதாரம் காட்டுவது ஆறு வாரமும் வந்துவிட்டது.

இந்த வழியில் பலர் சறுக்கும் இடம் பொருளைத் தேர்வதில். ‘துணிவு’, ‘நட்பு’, ‘நான் யார்’ போன்றவற்றை எடுத்தால் எந்தக் கதையும் அதற்குள் அடங்கும், ஆனால் எந்த அறிவும் சேராது. துணிவைப் பற்றி ஆறு வாரம் வாசித்த பிள்ளைக்கு ஏழாவது வாரம் புதிதாக என்ன தெரியும்? பொருள் கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும்: ஓர் இடம், ஒரு காலம், ஒரு நிகழ்வு, ஒரு துறை. துணிவு பற்றிய பேச்சு அதற்குள் தானாகவே வரும்.

செலவு தயாரிப்பில் இருக்கிறது. ஒரு பொருளுக்குப் பல நிலைகளில் எட்டுப் பத்து வாசிப்புகள் தேடித் திரட்ட வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தின் (Library of Congress) இணையத் தொகுப்பில் பழைய புகைப்படங்களும் ஆவணங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் முதல் ஆண்டில் ஒவ்வோர் அலகும் ஒரு வார இறுதிக்கு மேல் தின்னும். இன்னோர் ஆபத்து, பொருளிலேயே மூழ்கி வகுப்பு வரலாற்றுப் பாடமாக மாறிவிடுவது. வாரத்துக்கு இரண்டு தரநிலைகளை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, அன்றைய கேள்வி அவற்றைத் தொடுகிறதா என்று பார்த்தால் அது நடக்காது.

## வழி 4: பட்டறை முறை

1980களில் எழுத்துக் கற்பித்தல் ஆய்வாளர் டொனால்ட் கிரேவ்ஸ் போன்றவர்கள் முன்வைத்த வழி. மெய்ன் மாநிலத்தில் 8ஆம் வகுப்பு ஆசிரியையாக இருந்த நான்சி ஆட்வெல் 1987இல் எழுதிய நூலின் வழியாக நடுநிலைப் பள்ளிகளுக்குள் பரவியது. 10 முதல் 15 நிமிடம் சிறு பாடம், பிறகு 30 நிமிடம் பிள்ளைகள் தாங்கள் தேர்ந்த புத்தகத்தை வாசிப்பது, தாங்கள் தேர்ந்ததை எழுதுவது, ஆசிரியர் ஒவ்வொருவராக அமர்ந்து பேசுவது, கடைசியில் பகிர்தல்.

வகுப்பின் அகலத்தை இதைப்போல் தாங்கும் வழி வேறில்லை. ஒரு பிள்ளைக்கும் ‘எனக்கு இந்தப் புத்தகம் புரியவில்லை’ என்ற அவமானம் இல்லை. எழுத்துக்கும் இதில்தான் அதிக நேரம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் 30 நிமிடத்தில் 6 பேர். 25 பேரையும் சந்திக்க ஐந்து நாள். 40 நிமிட பீரியடில் ஆறு பேர் மூன்று, நான்காகக் குறைவார்கள். வகுப்பில் 34 பேர் இருந்தால் ஒரு பிள்ளையிடம் பேசி அடுத்து அதே பிள்ளையிடம் வர கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். பின்தங்கிய வாசகர் அந்த இரண்டு வாரமும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட முடியும். நூற்றுக்கணக்கான புத்தகம் கொண்ட வகுப்பறை நூலகம் வேண்டும். அது பெரும்பாலும் ஆசிரியரின் பையிலிருந்துதான் வருகிறது. ஐந்து நிமிடப் பேச்சில் ஒரு பிள்ளைக்கு வேண்டிய ஒரே விஷயத்தைச் சரியாகப் பிடிக்க அனுபவமும் வேண்டும்.

சிறிய வகுப்பு, 80 நிமிட பீரியட், நல்ல நூலகம், நாலைந்து ஆண்டு அனுபவம் இருந்தால் பட்டறையே சிறந்தது என்பேன். ஒன்றிரண்டு பிள்ளைகளோடு வீட்டில் நடத்தும் பெற்றோருக்கும் அப்படியே. நேரச் சிக்கல் அங்கே எழுவதே இல்லை, பொது நூலகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| | வகைவாரி | திறன்வாரி | கருப்பொருள்வாரி | பட்டறை |
|---|---|---|---|---|
| திறன் திரும்ப வருவது | குறைவு | பெயரளவில் | அதிகம் | ஆசிரியரைப் பொறுத்தது |
| எழுத்துக்கு இடம் | நடுத்தரம் | மிகக் குறைவு | நன்று | மிக அதிகம் |
| பல நிலை வாசகர்கள் | கடினம் | கடினம் | நன்று | மிக நன்று |
| முதல் ஆண்டுத் தயாரிப்பு | குறைவு | குறைவு | மிக அதிகம் | அதிகம் |
| புத்தகச் செலவு | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| ஒரு வாரம் தொலைந்தால் | தாங்கும் | வரிசை குலையும் | தாங்கும் | தாங்கும் |
| யாருக்கு | பாடநூல் மட்டும் உள்ளவருக்கு | சிறு குழு மீட்புக்கு | பெரும்பாலான வகுப்புகளுக்கு | அனுபவமுள்ளவருக்கு, வீட்டுப்பள்ளிக்கு |

## இலக்கணம்

எந்த வழியானாலும் இலக்கணத்தை வெள்ளிக்கிழமைப் பயிற்சித்தாளாகத் தனியே ஒதுக்க வேண்டாம். 4 முதல் 12ஆம் வகுப்புவரை எழுத்துக் கற்பித்தல் ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007இல் வெளியிட்ட அறிக்கையில், தனித்து நடத்தும் மரபு இலக்கணப் பாடம் எழுத்தின் தரத்தில் எதிர்மறையான விளைவையே காட்டியது. சிறு வாக்கியங்களைச் சேர்த்துப் பெரிய வாக்கியம் ஆக்கும் பயிற்சியோ நல்ல பலன் தந்தது. 7ஆம் வகுப்புத் தரநிலை கேட்கும் தொடர், துணை வாக்கியம், இடம் மாறிய அடைமொழி எல்லாம் அந்தப் பயிற்சிக்குள் அழகாக அடங்கும். அலகில் வாசித்த வாக்கியங்களையே உடைத்துக் கொடுங்கள். தினம் 5 நிமிடம் போதும்.

## விலைக்கு வாங்கும் பாடத்திட்டம்

முதல் ஆண்டு ஆசிரியருக்கு என் பதில் தயக்கமில்லாத ‘ஆம்’. பள்ளி ஒரு பாடத்திட்டம் கொடுத்தால் அதை எடுத்து நடத்துங்கள். தினம் இரவு பாடம் எழுதிக்கொண்டு, காலையில் வகுப்பை அடக்கிக்கொண்டு, வார இறுதியில் 125 கட்டுரை திருத்துவது ஒருவரால் தாங்கக் கூடியதல்ல. ஆனால் 50 நிமிடம் என்று எழுதியிருக்கும் பாடம் உங்கள் வகுப்பில் 75 நிமிடம் பிடிக்கும். அதில் எதை வெட்டுவது என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் எழுதும் பகுதி பாடத்தின் கடைசியில் இருப்பதால் அதுதான் முதலில் பலியாகும். அதை மட்டும் விடாதீர்கள்.

## 7ஆம் வகுப்புக்கு ஒரு 30 வாரம்

கருப்பொருள்வாரித் திட்டத்தில் பட்டறையின் நல்ல பகுதியைச் சேர்த்தது இது. ஆறு வார அலகுகள் நான்கு. முதலாவது குடிபெயர்வு, விளக்கக் கட்டுரையோடு. இரண்டாவது 1930களின் புழுதிப் புயல்கள். அக்காலப் புகைப்படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் இருப்பவரின் குரலில் கதையாடல். மூன்றாவது 1918 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய். ஓர் ஊர் பள்ளிகளை மூடியிருக்க வேண்டுமா என்ற வாதக் கட்டுரை, எதிர்க்கருத்தையும் ஏற்றுப் பேசி. நான்காவது 1957இன் ஸ்புட்னிக் முதல் 1969இன் நிலவுப் பயணம்வரை. அதில் ஆளுக்கொரு கேள்வி எடுத்துச் சிறு ஆய்வு. அலகுக்கு ஒரு பெரிய எழுத்து மட்டும், அதுவும் ஐந்து வகுப்புக்கும் ஒரே நாளில் வாங்காமல் நாளுக்கு ஒரு வகுப்பாக வாங்குவது. தினம் 10 நிமிடம் சொந்த வாசிப்பு, அந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளோடு பேச்சு.

மீதி ஆறு வாரத்தில் மூன்றை எதுவும் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். அவை நிச்சயம் நிரம்பும். மாநிலத் தேர்வுக்குப் பிறகு வரும் கடைசி மூன்று வாரம் நாடக வாசிப்புக்கும் கவிதைக்கும். பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனித் தரநிலைகள் இருந்தும் ஆண்டு முழுக்க ஒதுங்கி நிற்பவை அவைதான், பிள்ளைகள் எழுந்து நின்று நடிக்க ஆசைப்படும் காலமும் அதுதான். ஆகஸ்டுக்குள் நான்கு அலகையும் எழுதி முடிக்க முயல வேண்டாம். முதல் அலகை முழுமையாகவும், இரண்டாவதற்கு வாசிப்புப் பட்டியலையும் கட்டுரைக் கேள்வியையும் மட்டும் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். மற்ற இரண்டையும் உங்கள் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.